பருத்திக்காட்டில் ஒரு பனிக்களம்

ஐஸ் ஹாக்கியைப் பற்றி ஒரு தூத்துக்குடிக்காரன் எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். ஆட்டம்தான் எனக்குப் புதிது, ஐஸ் புதிதல்ல. மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் கொடுக்கும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கம்ப்ரசரோடு குடித்தனம் நடத்தியவன் நான். வெயில் அடிக்கிற ஊரில் தண்ணீரை உறைய வைக்கவும், உறைந்ததை உறைந்தபடியே காப்பாற்றவும் என்ன செலவாகும் என்று கரண்ட் பில்லைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்துப் போனது. மகள் வேலை பார்க்கும் ஹன்ட்ஸ்வில்லுக்குப் போயிருந்தபோது, அந்த ஊர்க் கல்லூரிக்கு ஒரு காலத்தில் ஐஸ் ஹாக்கி அணி இருந்தது என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, "இந்த வெயிலில் யார் பில் கட்டினார்கள்?" என்பதுதான். விசாரித்துப் பார்த்தால், அந்த அணியின் நாற்பது வருஷ வரலாறே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது.

ஹன்ட்ஸ்வில் இருப்பது அமெரிக்காவின் தென்கோடி மாநிலங்களில் ஒன்றான அலபாமாவில். பழைய பருத்தி ஊர், மில் ஊர். நம் கோவில்பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 1950-ல் வெர்னர் வான் பிரவுனும் அவரோடு வந்த ஜெர்மன் ராக்கெட் பொறியாளர்களும் அங்கே குடியேற்றப்பட்டார்கள். 1960-ல் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம் வந்தது. மனிதனை நிலாவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன்-5 ராக்கெட் உருவானது அங்கேதான். வேலைக்காக வடக்கு மாநிலங்களிலிருந்து பொறியாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். குளத்துத் தண்ணீர் உறைந்ததும் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு இறங்குகிற ஊர்க்காரர்கள் அவர்கள். அலபாமாக்காரர்களுக்கோ விளையாட்டு என்றால் அமெரிக்கக் கால்பந்து ஒன்றுதான். அங்கே அது கிட்டத்தட்ட மதம். இப்படிப்பட்ட இடத்தில் ஐஸ் ஹாக்கி வேர் பிடித்தது வந்தேறிகளின் தயவால்தான்.

கதைக்குள் போகுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு அணிகள் இரண்டு சாதி. ஒன்று வர்சிட்டி அணி. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையே நடத்துவது. பயிற்சியாளருக்குச் சம்பளம், ஆட்டக்காரருக்கு ஸ்காலர்ஷிப், பயணத்துக்குப் பஸ்ஸும் விமானமும், காயம் பட்டால் வைத்தியம், எல்லாம் பட்ஜெட்டில் இருக்கும். என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பின் போட்டிகளில் ஆடுவார்கள். மற்றொன்று கிளப் அணி. சட்டையில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், கணக்குப் புத்தகத்தில் அணிக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. மாணவர்களே சந்தா போட்டு ஆட வேண்டும். பயிற்சியாளர் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்.

இதில் ஐஸ் ஹாக்கி கிளப்பின் பாடு தனி. கால்பந்துக்கு ஒரு புல்வெளி போதும். ஐஸ் ஹாக்கிக்கு 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்கு ஒரு பனித்தளம் வேண்டும். தொழில்முறையில் சொல்கிறேன், அது வேறொன்றுமில்லை, நம் ஐஸ் ஃபேக்டரியைத் தரையில் விரித்துப் போட்டது மாதிரிதான். சிமெண்ட் தளத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய், குழாய்க்குள் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்வித்த உப்புநீர் அல்லது கிளைக்கால், அதைக் குளிர்விக்கப் பக்கத்து அறையில் கம்ப்ரசர். மேலே இருக்கிற ஐஸின் கனம் ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம்தான். இதை யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள். மணிக்கு இவ்வளவு டாலர் என்று வாடகை. நல்ல நேரமெல்லாம் சிறுவர் வகுப்புக்கும் குடும்பத்தோடு சறுக்க வருகிறவர்களுக்கும் போய்விடும். கல்லூரி கிளப்புக்கு மிஞ்சுவது இரவு பத்து, பதினொரு மணி. பயிற்சி முடிந்து நடுராத்திரிக்கு மேல் விடுதிக்குப் போகிற பையன் காலை எட்டு மணி வகுப்பில் உட்கார வேண்டும். அவனை மறுநாள் ராத்திரியும் வர வைப்பதுதான் கிளப் கோச்சின் முதல் திறமை என்று சொல்வேன். பக்கை எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதோடு பஸ் வாடகை, நடுவர் கூலி, காப்பீடு, டிக்கெட் விற்பனை, கடைகடையாக ஏறி நன்கொடை கேட்பது என்று முக்கால்வாசி வேலை பனிக்கு வெளியேதான் நடக்கும்.

ஹன்ட்ஸ்வில்லில் அலபாமா பல்கலைக்கழகத்தின் தனி வளாகம் ஒன்று இருக்கிறது. 1979-ல் ஜோ ரிட்ச் என்ற உள்ளூர் வழக்கறிஞர் அங்கே ஐஸ் ஹாக்கி கிளப்பைத் தொடங்கினார். கவனியுங்கள், தொடங்கியவர் துணைவேந்தர் அல்ல, விளையாட்டுத் துறை இயக்குநர் அல்ல. ஆட்டத்தின் மேல் ஆசை கொண்ட ஊர்க்காரர் ஒருவர். கமிட்டி போட்டு, அறிக்கை வாங்கி, ஒப்புதல் வந்து பிறந்த அணி இல்லை இது. ஊர் பெற்ற பிள்ளைக்குக் கல்லூரி தன் பெயரை வைத்துக்கொள்ள அனுமதித்தது, அவ்வளவுதான். பின்னால் நடந்ததற்கெல்லாம் மூலம் இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1982-ல் டக் ராஸ் பயிற்சியாளராக வந்தார். 1976 இன்ஸ்புரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடியவர். ஒலிம்பிக் ஆடிய ஒருவர் அலபாமாவில் ஒரு கிளப் அணிக்குக் கோச்சாக வருவது சாதாரண விஷயமில்லை. வந்தவர் 25 சீசன் அங்கேயே இருந்துவிட்டார். கனடாவிலும் வட மாநிலங்களிலும் ஆட்டக்காரப் பையன்களைத் தேடிப் போய், அலபாமாவிலும் ஐஸ் உண்டு என்று நம்ப வைத்துக் கூட்டி வருவது அவர் வேலைகளில் ஒன்று. சொல்லிப் பாருங்கள், கனடாவில் ஒரு தாய் தகப்பனிடம், "உங்கள் மகனைப் பருத்திக்காட்டுக்கு ஹாக்கி ஆட அனுப்புங்கள்" என்று! அனுப்பினார்கள். கிளப் அணியாக இருந்தபோதே 1980-களின் தொடக்கத்தில் தேசிய அளவிலான கிளப் பட்டத்தை மூன்று முறை வென்றது ஹன்ட்ஸ்வில். (அந்த நாளில் கிளப் அணிகளுக்கென்று நாடு தழுவிய ஒரே அமைப்பு இல்லை. இன்றிருக்கும் ஏ.சி.எச்.ஏ. 1991-ல்தான் பிறந்தது.)

ஜெயித்த அணியைப் பல்கலைக்கழகம் 1980-களின் நடுவில் வர்சிட்டியாக ஏற்றுக்கொண்டது. 1996-லும் 1998-லும் இரண்டாம் பிரிவின் தேசியப் பட்டம் கிடைத்தது. இரண்டு முறையும் தோற்றது பெமிட்ஜி ஸ்டேட். பெமிட்ஜி இருப்பது மினசோட்டாவில், குழந்தை நடக்கப் பழகும்போதே சறுக்கவும் பழகுகிற ஊர். அவர்களைப் பருத்திக்காட்டுப் படை இரண்டு தடவை சாய்த்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் ஆட்டம் தொற்றிக்கொண்டது. டக் ராஸின் மகன் ஜாரெட் ராஸ் ஹன்ட்ஸ்வில்லில் பிறந்து, அப்பாவின் அணியிலேயே ஆடி, பிலடெல்பியா ஃபிளையர்ஸ் வழியாக உலகின் பெரிய லீகான என்.எச்.எல். வரை போனார். அலபாமாவில் பிறந்து அந்த லீகில் ஆடிய மிகச் சிலரில் ஒருவர் அவர்.

பிறகு முதல் பிரிவுக்கு ஏறினார்கள். இந்த ஏற்றத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மற்ற விளையாட்டுகளெல்லாம் இரண்டாம் பிரிவு. துறையின் ஆள்பலமும் பணமும் அதற்குத் தக்கபடிதான். ஹாக்கி மட்டும் மாடியில், மற்றவர்கள் தரைத்தளத்தில். ஒரு சின்னக் குடும்பத்தில் ஒரு பிள்ளையை மட்டும் ஊட்டி கான்வென்ட்டில் சேர்த்த மாதிரி. நான் அந்த நிர்வாகத்தை வில்லனாக்க விரும்பவில்லை. கணக்கு எழுதுகிறவர் மேஜையில் உட்கார்ந்து பார்த்தால், ஹாக்கி வரிசையில் வரும் தொகை கண்ணைக் குத்தத்தான் செய்யும்.

2007-ல் தோல்விகள் வெற்றிகளைவிட அதிகமாக இருந்த ஒரு சீசனில், தங்கள் லீகின் கோப்பையை மட்டும் வென்று தேசியப் போட்டிக்குள் நுழைந்தார்கள். எதிரே நோட்டர் டேம். பெயரும் பணமும் பெரிதாக உள்ள பல்கலைக்கழகம். ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரம் முடிந்து, இரண்டாவது கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றார்கள். டக் ராஸ் அந்த சீசனோடு ஓய்வு பெற்றார். 2010-ல் மறுபடி தேசியப் போட்டி. இந்த முறை எதிரே நாட்டின் முதல் தரவரிசை அணியான மியாமி (ஒஹாயோ மாநிலத்து மியாமி, கடற்கரை மியாமி அல்ல). 2-1 என்று ஒரே ஒரு கோலில் தோல்வி. அன்று ஹன்ட்ஸ்வில்லின் கோலைக் காத்த கேம் டால்பாட் பிற்பாடு என்.எச்.எல்.-லில் பல வருஷம் பேர் சொல்ல ஆடினார்.

அந்த 2010 கோப்பைதான் அவர்கள் லீகின் கடைசிக் கோப்பை. காலேஜ் ஹாக்கி அமெரிக்கா என்ற அந்தச் சின்ன லீகில் மிஞ்சியிருந்தவர்களே நான்கு பேர். பெமிட்ஜி ஒரு லீகுக்குப் போனது. நயாகராவும் ராபர்ட் மோரிஸும் வேறொன்றுக்குப் போயின. சி.சி.எச்.ஏ. என்ற லீகின் கதவை ஹன்ட்ஸ்வில் 2009-லேயே தட்டியிருந்தது. அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, லீக் இல்லாத தனிமரம்.

லீக் என்பது வெறும் புள்ளிப்பட்டியல் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. லீகில் இருந்தால்தான் ஆட்ட அட்டவணை தானாக வரும், பாதி ஆட்டம் சொந்த ஊரில் நடக்கும், டிக்கெட் விற்கும், கோப்பையை வென்றால் தேசியப் போட்டிக்கு வழி திறக்கும். தனி அணியோ ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யாரிடமாவது போய்க் கேட்க வேண்டும். பெரும்பாலும், "நீங்கள் வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்பதே பதில். அப்படி ஓர் அணிக்கு எந்தக் கெட்டிக்காரப் பையன் சேர வருவான்? வராவிட்டால் தோல்வி. தோற்றால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் கணக்கு எழுதுகிறவரின் பேனா கீழே கோடு போடும்.

2011 அக்டோபரில் கோடு விழுந்தது. சீசன் முடிந்ததும் அணி மறுபடி கிளப்பாக இறக்கப்படும் என்று இடைக்கால நிர்வாகம் அறிவித்தது. ஊர் கொந்தளித்தது. பழைய ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் திரண்டார்கள். புதிதாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்த ராபர்ட் ஆல்டன்கிர்க் டிசம்பரிலேயே அந்த முடிவை ரத்து செய்தார். 2013 ஜனவரியில் டபிள்யூ.சி.எச்.ஏ. என்ற பழம்பெரும் லீக் இடம் கொடுத்தது. தப்பித்தோம் என்று ஊரே மூச்சு விட்டது. ஆனால் அந்த லீகில் அலாஸ்காவின் இரண்டு அணிகளும் இருந்தன. ஹன்ட்ஸ்வில்லிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் 5,000 கிலோமீட்டருக்கு மேல். கல்லூரி லீக் ஆட்டம் ஆட அவ்வளவு தூரம் விமானம் ஏற வேண்டும்.

இதே காலத்தில் வடக்கே பென்சில்வேனியாவில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1940-களில் தன் வர்சிட்டி ஹாக்கி அணியைக் கைவிட்டுவிட்டது. 1971-ல் மாணவர்கள் கிளப்பாக அதை மீட்டார்கள். 'ஐசர்ஸ்' என்று பெயர். 1,350 பேர் உட்காரும் ஒரு சின்ன அரங்கம். அந்த கிளப்பில் ஆடி வளர்ந்த ஜோ பாட்டிஸ்டா பிறகு அதற்கே பயிற்சியாளராகி 500 வெற்றிகளுக்கு மேல் குவித்தார். ஐசர்ஸ் வென்ற ஏழு தேசியப் பட்டங்களில் ஆறு அவர் காலத்தவை. இவ்வளவு வென்றும் வர்சிட்டி அந்தஸ்து மட்டும் கிடைக்கவில்லை. காரணம் எளிது. அரங்கம் கட்டவே கோடிக்கணக்கில் வேண்டும். அதோடு 1972-ல் வந்த 'டைட்டில் நைன்' சட்டப்படி ஆண்களுக்கு ஓர் அணி சேர்த்தால் பெண்களுக்கும் வாய்ப்பை ஈடுகட்ட வேண்டும். அது நியாயமான சட்டம்தான். ஆனால் செலவு இரட்டிப்பாகும்.

பாட்டிஸ்டா பல வருஷம் ஆள் தேடினார். கிடைத்தவர் டெர்ரி பெகுலா, அதே பல்கலைக்கழகத்தில் பெட்ரோலியப் பொறியியல் படித்து எரிவாயுத் தொழிலில் பெரும் பணக்காரரானவர். 2010 செப்டம்பரில் அவரும் மனைவியும் 8 கோடியே 80 லட்சம் டாலர் கொடுப்பதாக அறிவிப்பு வந்தது. பிறகு அது 10 கோடியைத் தாண்டியது. ஆண், பெண் இரு அணிகளுக்கும் சேர்த்தே கொடை. 2012-ல் வர்சிட்டி ஆட்டம் தொடங்கியது. 2013-ல் 6,000 பேர் உட்காரும் புது அரங்கம் திறந்தது. 2025-ல் தேசியப் போட்டியின் கடைசி நால்வரில் ஒருவராக நின்றார்கள். அரிசோனா பாலைவனத்திலும் இதே மாதிரிதான். அங்கே 2014-ல் கிளப் பட்டம் வென்ற அரிசோனா ஸ்டேட், அதே வருஷம் 3 கோடியே 20 லட்சம் டாலர் கொடையோடு வர்சிட்டி ஆவதாக அறிவித்தது. கோச் கிரெக் பவர்ஸ், அதே கிளப்பின் பழைய கோலி.

ஹன்ட்ஸ்வில்லுக்கும் இவர்களுக்கும் திறமையில் ஒன்றும் குறைச்சல் இல்லை. பென் ஸ்டேட்டுக்குப் பணம் வந்தபோது, பின்னால் ஒரு பெரிய பல்கலைக்கழகமும், 'பிக் டென்' என்ற பலம் வாய்ந்த கூட்டணியும் ஏற்கெனவே நின்றிருந்தன. அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே அந்தக் கூட்டணி ஹாக்கிக்குத் தனி லீக் தொடங்கியது. ஹன்ட்ஸ்வில்லுக்குப் பின்னால் நின்றது ஊர் மட்டும்தான்.

2019-ல் டபிள்யூ.சி.எச்.ஏ.-வின் பத்து அணிகளில் ஏழு, விலகிப் புது லீக் அமைப்பதாக அறிவித்தன. மிஞ்சியவை மூன்று. அலாஸ்காவின் இரண்டு அணிகளும், ஹன்ட்ஸ்வில்லும். யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதிலேயே காரணம் தெரிகிறது. பயணச் செலவு. அந்தப் புது லீக் எட்டாவது ஆளைச் சேர்த்தபோதும், இடம் மினசோட்டாவின் செயின்ட் தாமஸுக்குத்தான் போனது.

2020 மே மாதம், கொரோனா முடக்கத்தின் நடுவில், ஹாக்கியையும் டென்னிஸையும் நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அடுத்த ஒரு வாரம் நடந்ததை அந்த ஊரில் என்னிடம் சொன்ன பெரியவர் ஒருவர், சொல்லும்போதே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பழைய ஆட்டக்காரர்கள் இணையத்தில் உண்டியல் வைத்தார்கள். கெடு சில நாள்தான். உலகமே வேலை போகுமோ என்று பயந்து கிடந்த நேரம். அந்த நேரத்திலும் இணையத்தில் மட்டும் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. வசதியான பழைய மாணவர்கள் தனியாகவும் கொடுத்தார்கள். மாதம் முடியுமுன் பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றது.

ஒரு சீசன் ஆடினார்கள். மூன்றே வெற்றி. லீக் தேடினார்கள். எந்த லீகும் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021 மே மாதம், லீக் கிடைக்கும்வரை அணி நிறுத்திவைக்கப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. இந்தத் தடவை உண்டியல் வைக்கவும் வழியில்லை. பணம் போதவில்லை என்றால் ஊர் கொடுத்திருக்கும், கொடுத்தும் காட்டியது. சேர்ந்து ஆட ஏழெட்டுக் கல்லூரிகளை ஊரால் எங்கிருந்து வாங்கிவர முடியும்?

அவர்களோடு கைவிடப்பட்ட அலாஸ்கா ஆங்கரேஜ் அணியும் 2020-ல் நிறுத்தப்பட்டதுதான். அவர்களுக்கு 30 லட்சம் டாலர் திரட்டச் சொல்லிக் கெடு வைத்தார்கள். ஊரார் திரட்டினார்கள், 2022-ல் அணி திரும்பவும் பனியில் இறங்கியது. லீக் இல்லாமல்தான் இறங்கியது. கிட்டத்திலேயே ஃபேர்பேங்க்ஸ் அணி துணைக்கு இருக்கிறது என்பதும் (அலாஸ்கா கணக்கில் 'கிட்டத்தில்'), ஐஸ் ஹாக்கி அந்த மண்ணின் ஆட்டம் என்பதும் அவர்களுக்குக் கை கொடுத்திருக்க வேண்டும்.

ஹன்ட்ஸ்வில்லில் நகரின் நடுவே வான் பிரவுன் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. கல்லூரி அணி ஆடிய இடம். மகளோடு ஒரு சனிக்கிழமை இரவு அங்கே போயிருந்தேன். ஹேவக் என்ற சிறு தொழில்முறை அணி 2004 முதல் அங்கே ஆடுகிறது. கூட்டம் நிரம்பி வழிந்தது. வெளியே பனியனோடு நிற்கலாம் போலிருந்தது, உள்ளே போர்வை இல்லாமல் உட்கார முடியவில்லை. நான் ஆட்டத்தைவிட இடைவேளையைத்தான் உன்னிப்பாகப் பார்த்தேன். ஜாம்போனி என்ற வண்டி வந்து, கீறல் விழுந்த பனியைச் செதுக்கி எடுத்து, வெந்நீரை மெல்லிசாகத் தடவிக்கொண்டு போகும். தண்ணீர் என் கண் முன்னாலேயே இறுகிக் கண்ணாடியானது. கம்ப்ரசர் நல்ல நிலைமையில் இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் கல்லூரி அணியின் பழைய நீல ஜெர்சி போட்டிருந்தார்.